வெளிச்சுவருக்கு நீலம்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி மானேஜர், என் வீட்டு வாசலுக்கு வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. கையில் ஒரு ஃபைலோடு வெளிச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், யாரக் கேட்டு இதுக்கு கலர் அடிச்சீங்க?"

என் பதில் இருக்கட்டும். அந்தச் சுவர் நீலமான கதையை முதலில் கேளுங்கள்.

கலவான பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். லயத்து வரிசை வீடுகளின் கடைசியில் தனியாக நிற்கிற பழைய செங்கல் வீடு எங்களுடையது. எங்களுடையது என்று நான் சொல்கிறேன்... ஆபீஸ் அதைத் 'தோட்டத்துக் கட்டடம்' என்று எழுதும். என் கணவர் பிறந்தது அங்கேதான். ஃபேக்டரியில் உழைத்து ரிட்டயர் ஆனதும் அந்த வீட்டிலிருந்துதான்.

தோட்டங்களில் எங்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. உள்சுவர் நம்முடையது, வெளிச்சுவர் ஆபீசுடையது. தீபாவளி வந்தால் உள்ளே ரோஸ், பச்சை, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கிற கலரில் அடிப்போம். வெளியே பிரஷ் போகாது. ஆபீசோ, வெளிநாட்டு ஆட்கள் தோட்டம் பார்க்க வரும்போது ரோட்டுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் வெள்ளை அடிக்கும். எங்கள் வீட்டில் ரோட்டுக்குத் தெரிகிற பக்கமே கிடையாது. முப்பது வருடமாகப் பாசிதான் எங்கள் பெயிண்ட்.

அப்படி இருக்கும்போதுதான் ஐப்பசி மழையில் ஒரு கடிதம் வந்தது. கட்டடம் பழுதடைந்திருக்கிறதாம். பரிசோதிக்க ஆள் வருமாம். குடியிருக்கத் தகுதியில்லை என்று முடிவானால் நாங்கள் வெளியேற வேண்டுமாம்.

பழுதாக விட்டவர்கள் யார்? பழுது என்று எழுதுகிறவர்கள் யார்?

அன்றைக்கே கலவான டவுனுக்குப் போனேன். நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிற ஹாட்வெயார் கடைக்காரரிடம் இருந்ததிலேயே உயர்ந்த பிளாஸ்டிக் பெயிண்டை வாங்கினேன். மழை விட்ட இரண்டு நாளில் ஈரச் சுவரின் மேலேயே இரண்டு கோட் அடித்து முடித்தேன். சுவர் கல்யாண மண்டபம் மாதிரிப் பளபளத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று வாரம். அவ்வளவுதான். சுவர் முழுக்க அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம். ஒன்றை விரலால் குத்தினேன் — உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. பின்னால் செங்கல் மாவாக உதிர்ந்தது. பரிசோதிக்க வருகிறவருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி நானே கேசை ஜோடித்துக் கொடுத்திருக்கிறேன்.

திரும்ப நானாவிடம் ஓடினேன், இன்னும் இரண்டு டின் வேண்டும் என்று. அவர் அசையவில்லை.

"ஒங்களுக்கு இனி இந்த பெயிண்ட் தர மாட்டேன் டீச்சர். பழைய செங்கல் தண்ணியக் குடிக்கும், வெயில் வந்தா வெளிய விடும். நீங்க பிளாஸ்டிக்கால வாயக் கட்டிட்டீங்க. தண்ணி எங்க போகும்?"

"அப்ப என்னா செய்றது நானா?"

"எல்லாத்தையும் சொரண்டுங்க. தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க. செவுரு காஞ்ச பொறகு வாங்க, சுண்ணாம்பு தாறேன்."

விற்கிற பொருளை விற்க மறுக்கிற கடைக்காரரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன்.

தேடினோம். கூரைத் தண்ணீரை வடிக்கிற பீலி உடைந்து, மழைத் தண்ணீர் முழுக்கச் சுவரில்தான் இறங்கியிருந்தது. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்... சுவரோடு சேர்த்து மண்ணை அணைத்து நான் வளர்த்த அந்தூரியம் பாத்தி. காலையும் மாலையும் ஆபீசைத் திட்டிக்கொண்டே சுவரின் காலடியில் தண்ணீர் ஊற்றியது நான்தான்.

பாத்தியை வெட்டி அள்ளினேன். பீலியை மாற்றினோம். பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தபோது கணவர் தயங்கினார்.

"ஆபீசுக்கு ஒரு கடுதாசி குடுத்துட்டுச் செய்வோமே?"

"இதுவரைக்கும் எத்தன குடுத்திருப்பீங்க?"

கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு சுரண்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

தை, மாசி வெயிலில் சுவர் காய்ந்தது. உதிர்ந்த இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்தோம். டிரம்மில் சுண்ணாம்பைக் கரைத்து, மெல்லிசாக மூன்று கோட். வெள்ளையாகவே விட்டிருக்கலாம். ஆனால் வெள்ளையைப் பார்த்தால் ஆபீஸ் அடித்துக் கொடுத்தது என்று நினைப்பார்கள் இல்லையா? அந்தப் பெயரை நான் யாருக்கும் தருவதாக இல்லை. சட்டைக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன்.

அந்த நீலத்துக்கு முன்னால்தான், பரிசோதிக்க வந்த சின்னத்துரை நின்று, யாரைக் கேட்டு என்றார். கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"முப்பது வருசமா இதுக்கு யாரும் ஒண்ணும் அடிக்கலயே தொரை. அதுக்கு நீங்க யாரக் கேட்டீங்க?"

அவர் சாவியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். கெட்டியான சத்தம். அடிச்சுவரில் ஈரம் தேடினார், இல்லை. கடைசியாக, மழையில் நனைந்த உள்ளங்கையைச் சுவரில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினார். சுவர் அசையவில்லை.

ஃபைலைத் திறந்து ஏதோ எழுதி என்னிடம் காட்டினார். 'குடியிருக்கத் தகுதியானது.'

"இனி வெளிச்செவரு யாரு பாத்துக்கிறது டீச்சர்?"

"உள்ளுக்கு இருக்கிறவங்க."

அவர் போன பிறகு பார்த்தால், ஐந்து விரலும் பதிந்த தடம் சுவரில் அப்படியே இருக்கிறது. மிச்சமிருக்கிற சுண்ணாம்பால் அதை அழித்துவிடுகிறேன் என்று கணவர் பிரஷை எடுத்தார். பிடுங்கி வைத்துவிட்டேன்.

முப்பது வருடத்தில் எங்கள் சுவர்மேல் ஆபீஸ் வைத்த முதல் கை அது... இருக்கட்டும்.