இருவருக்கும் பிளஸ் ஒன்று

இத்தலாரில் காரட் கழுவும் இடத்தை விட்டு நான் நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் வந்தேன். கொஞ்ச நாளாக, மூட்டை தைக்கும் கோணி ஊசியில் சணல் கோக்க முடியவில்லை. ஊசி செய்கிறவன் காதைச் சின்னதாக்கிவிட்டான் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் அதே ஊசியில் ஒரே முயற்சியில் கோத்துக் காட்டினார். அதற்கு மேல் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

தேயிலைக்கு நடுவே குறுக்காக இறங்கினால் மஞ்சூர் பஸ்ஸைப் பிடிக்கலாம். முந்தின நாள் மதியம் தின்ற பன்தான் வயிற்றுக்குள் கடைசியாகப் போனது. வழியில் ஒரு எஸ்டேட்டில் உப்புமா வாசனை வந்ததால் நின்றேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம் அது. பிள்ளைக்காம்பரா என்பார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் சொல்.

வாசலில் ஒரு வேன். கண் பரிசோதனைக்காகக் கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மாவும் உதவியாளர் ஒருவரும் வந்திருந்தார்கள். உதவியாளர் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி எடுத்துவிட்டு, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடி வேனுக்குள் கிடந்தார். அவருக்குப் பதிலாக, எழுத்து அட்டையைப் பிடித்தால் உப்புமா உண்டு என்றார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா.

அட்டைக்கும் குழந்தைக்கும் இருபதடி இருக்க வேண்டுமாம். அறையோ பதினைந்தடி. ஆகவே நான் வாசலைத் தாண்டி, தூறலில், தேயிலைச் செடிகளுக்குள் இடுப்பளவு நின்றுகொண்டேன். அட்டையில் இங்கிலீஷ் ஈ எழுத்து மட்டும், பெரிதும் சிறிதுமாக, நாலு திசையிலும் திரும்பிக் கிடந்தது. அதை மேசை என்று நினைத்துக்கொண்டு, கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொன்னார் டாக்டரம்மா. ஒரு குழந்தையும் அசையவில்லை. அங்கே மேசையே கிடையாது.

"காட்டுமாடுன்னு சொல்லுங்கம்மா, பட்டுனு புரியும்" என்றார் ஆயா.

புரிந்தது. மூன்று கால்தானே இருக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். நாலாவது கால் செடிக்குப் பின்னால் இருப்பதாக ஆயா சமாளித்தார். ஐந்து வயதை நெருங்கிய ஒரு பெண் முதலில் வந்தாள். மேல் வரிசையிலிருந்து பொடி எழுத்து வரை தப்பில்லாமல் காட்டிக்கொண்டே போனவள், கால்கள் மேலே இருந்த ஒரு ஈயைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டாள்.

"அது செத்துப் போச்சு" என்று அழ ஆரம்பித்தாள். மற்ற பதினான்கு பேரும் அந்த மாட்டுக்காக அழுதார்கள்.

"சாகல பாப்பா. முதுகு அரிக்குது, பொரளுது" என்று செடிக்குள்ளிருந்து சொன்னேன்.

அதன் பிறகு யாரும் கையால் பதில் சொல்லவில்லை. கால் மேலே என்றால் மல்லாந்து படுத்துக் கால்களைத் தூக்கினார்கள். பக்கவாட்டில் என்றால் ஒருக்களித்தார்கள். டாக்டரம்மா தரையைப் பார்த்துத்தான் குறித்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் அம்மா அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை. தூரத்தில் பொடி எழுத்தைக் கண்டுபிடிப்பவள், படப் புத்தகத்தைக் கொடுத்தால் கண்ணைக் கசக்கி, தலை வலிக்கிறது என்று மூடி வைத்துவிடுகிறாளாம். சோம்பேறி என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

"நானும் போன வாரம் அடிச்சுப் போட்டனுங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "ஜூன்ல பள்ளிக்கூடம் போறா. அங்கயும் அடி வாங்குவாளோன்னு இருக்குதுங்க."

கண்ணில் சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கருவிழி விரிந்து, பதினைந்து பேரும் பூனைகளைப் போல ஆனார்கள். ஒரு பையன் உப்புமாவைக் கன்னத்துக்கு ஊட்டினான். டாக்டரம்மா டார்ச் மாதிரி ஒன்றை அடித்துப் பார்த்து, அவளுக்குக் கொஞ்சம் தூரப்பார்வை என்றார். இந்த வயதில் இது பலருக்கு இருக்குமாம். கண்ணே சமாளித்துக்கொள்ளும், அதனால் பெரும்பாலும் கண்ணாடி வேண்டியதில்லை. இவளுக்குத் தலைவலி வருவதால் புத்தகம் பார்க்கும்போது மட்டும் போட்டால் போதும். பிளஸ் ஒன்று. அந்தப் பவரில் வில்லையை வேனிலேயே சட்டத்தில் மாட்டித் தந்தார். மருந்து இறங்கி நாளைக் காலையில் பார்வை தெளிந்துவிடும், இன்றைக்கு மூக்கில் நின்றால் போதும் என்றார்.

நிற்கவில்லை. கழற்றி ஆயாவுக்கு மாட்டினாள். அடுப்படியில் படுத்திருந்த பூனைக்கு மாட்டினாள், அதற்குப் பிடித்திருந்தது. பிறகு தலைமேல் ஏற்றிக்கொண்டாள், டாக்டரம்மாவும் அப்படித்தானே வைத்திருக்கிறார் என்று. அம்மா கெஞ்சினார். மிட்டாய் காட்டினார். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது டாக்டரம்மா என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் படிப்பேன். கையை நீட்டி, பிறகு இன்னும் நீட்டிப் பிடித்தேன். அவர் சிரித்துவிட்டு என் வயதைக் கேட்டார். நாற்பத்திரண்டு இருக்கலாம் என்றேன். கண்ணுக்கு முன்னால் இரண்டு மூன்று வில்லைகளை மாற்றிப் பார்த்து, பெட்டியிலிருந்து பெரிய பழுப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். எனக்கும் பிளஸ் ஒன்று. முதலில் தெரிந்தது என் நகத்து அழுக்கு.

அந்தப் பெண் என்னை உற்றுப் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தன்னுடையதைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினாள். நான் கழற்றினேன், அவளும் கழற்றினாள். நான் போட்டேன், அவளும் போட்டாள். மூன்று தடவை சோதித்தோம்.

"ஏனுங்க, நீங்க எங்க போறீங்க?" என்றார் அம்மா.

மஞ்சூர்ப் பக்கம், வேலை தேடி என்றேன்.

"அங்க என்ன வேலைன்னு முடிவாயிருச்சுங்களா?"

இல்லை என்றேன். அவர் ஆயாவைப் பார்த்தார். ஆயா உடனே போய், என்னை இங்கேயே வேலைக்கு வைக்கச் சொல்லி எஸ்டேட் ஆபீசில் பேசிவிட்டு வந்தார். ராத்திரி விறகு அடுக்கிய கொட்டகையில் படுத்துக்கொண்டேன். குளிர்தான், ஆனால் ஒழுகவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேலையில் சேர்ந்தேன். ஆபீஸ் நோட்டில் தண்ணீர் எடுப்பது, விறகு பிளப்பது, பால் காய்ச்சுவது என்று எழுதியிருந்தார்கள். அதெல்லாம் பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதன் பிறகுதான் என்னை எதற்காக வைத்தார்களோ அந்த வேலை: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்காருவது. அவள் புத்தகத்தில் ஒவ்வொரு படமாக விரல் வைத்து, அது என்னவென்று எனக்குச் சொல்லிக்கொடுத்தாள்.