மிஸ்ஸும் ‘ரன்’ என்கிற வினைச்சொல்லும்

செருப்புக் கடையிலிருந்து கேட்டு வாங்கிவந்த அட்டைப் பெட்டிகள் பதினொன்று. பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு மேற்குத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தின் மாடி அறையில், இருந்த ஒரே ஜன்னலையும் மறைத்துக்கொண்டு அவை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பதினொன்றிலும் இருந்தது ஒரே ஓர் ஆங்கில வினைச்சொல்: ‘ரன்’. மூன்றே எழுத்து. ‘ஓடு’ என்று போட்டுவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ‘கியூ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் அத்தனை சொற்களுக்கும் சேர்த்து அரைப் பெட்டிதான் ஆகியிருந்தது. இந்த ஒற்றைச் சொல்லுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு அட்டைகள். வேலையில் சேர்ந்த முதல் நாளே எண்ணிவிட்டேன். எண்ணாமல் ஒரு பொருளைப் பொறுப்பேற்பது எனக்குப் பழக்கமில்லை.

அப்போது எனக்கு அறுபத்தொரு வயது. முப்பத்து நான்கு வருட அரசுப் பணி முடிந்து வீட்டில் இருந்தவனை அச்சக முதலாளி கூப்பிட்டார். சாதாரண மனிதர்கள் படிப்பதற்காக ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைத் தொகுத்துக்கொண்டிருந்தவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் ‘மிஸ்’. ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கை குடும்பத்தோடு இருந்தார். பதினோரு வருடமாக வேலை நடந்து, ஏ முதல் இஸட் வரை எல்லாம் முடிந்திருந்தது. ஆர் எழுத்தின் நடுவில் மட்டும் ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை அடைத்து அகராதியைக் கீழே அச்சு இயந்திரத்துக்கு அனுப்புவதுதான் என் வேலை. இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்று முதலாளியிடம் சொன்னேன். பதினான்கு மாதம் ஆயிற்று.

காரணம், மிஸ் வைத்திருந்த ஒரு விதி. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு தமிழ் வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை உயிருள்ள ஒரு மனிதர், யாரும் கேட்காமல், தானாகவே சொல்லியிருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் யார் சொன்னது, எங்கே, எப்போது என்று எழுத வேண்டும். இதை முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் தேர்தலுக்கு ஆள் ஓடுகிறான், நம் ஊரில் நிற்கிறான். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும், எழுதிவிட்டு மேலே போங்கள் என்றேன். “தெரியும் சார். யார் சொன்னதுன்னு பின்னாடி போட்டுட்டா முடிஞ்சுது” என்றார். ஒன்பது நாள் போயிற்று. பத்தாவது நாள் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஒரு பழக்கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம், “எங்க மச்சான் இந்த வாட்டி வார்டுல நிக்கிறான், டெபாசிட்டு போவப் போவுது” என்றாராம். புதையல் கிடைத்த முகத்தோடு வந்து அட்டையை எழுதினார். நான் நாட்காட்டியில் ஒன்பது நாட்களை அடித்தேன்.

எனக்குப் பொழுது போகாமல், அர்த்தங்களைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அதில் ‘ஓடு’ என்ற நம் சொல்லே சரியாகப் போவது இருபத்து மூன்று இடங்களில்தான். மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது. மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்றிலும் ஆங்கிலேயன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நாம் வேறு ஏதோ செய்கிறோம். அவனுடைய மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. துணியின் நிறம் அவனுக்கு ஓடுகிறது, நமக்குச் சாயம் போகிறது. கடையை ஓட்டுகிறான், நாம் நடத்துகிறோம். ஒரு மொழி இத்தனை வேலைகளை ஒரே சொல்லின் தலையில் சுமத்தியிருப்பது சோம்பேறித்தனம் என்று ஒருநாள் மிஸ்ஸிடம் எரிந்து விழுந்தேன். நான் சொன்ன வாக்கியம் ஏதாவது அட்டைக்கு ஆகுமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது என் சந்தேகம்.

கோடை விடுமுறை முடியப்போகும் சமயத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கெடு சொன்னார். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கடைசி புரூஃப் மிஸ்ஸின் கையெழுத்தோடு கீழே வர வேண்டும். வராவிட்டால் இயந்திரம் பள்ளிக்கூட நோட்டுகளுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அகராதியைத் தொடர முதலாளிக்கு உடம்பில் தெம்பில்லை, அவர் மகனுக்கு மனமில்லை. பதினோரு வருட வேலையும் பெட்டியிலேயே கிடக்கும். அன்றைக்கு வாக்கியம் கிடைக்காமல் நின்ற அர்த்தங்கள் பதினான்கு. “கேக்கும்போது வரும் சார்” என்றார் மிஸ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பதினான்கு வாக்கியங்களையும் நானே எழுதினேன். ஒளிக்க ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் ஊரும் ஆளும் போட்டேன். சந்தேகம் வரக்கூடாதென்று பிரித்துப் போட்டேன்: தாம்பரம் ஐந்து, மேடவாக்கம் நான்கு, படப்பை மூன்று, ராஜகீழ்ப்பாக்கம் இரண்டு. பூக்காரர், நடத்துநர், தண்ணீர் லாரி ஓட்டுநர் என்று ஆட்களையும் மாற்றினேன். திங்கட்கிழமை காலை மிஸ் வருவதற்கு முன்பு அட்டைகளை அச்சுக்கோக்கும் கணினிக்காரரிடம் கொடுத்துவிட்டேன். மிஸ்ஸிடம், நானும் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன், கிடைத்துவிட்டது என்றேன். “பதினாலுமா?” என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை புரூஃப் வந்தது. அச்சில் யார் சொன்னது என்பதெல்லாம் வராது, வெறும் வாக்கியங்கள்தான். மிஸ் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு இருநூற்றுப் பதினான்கையும் படித்தார். பதினான்கு இடத்தில் சிறிய புள்ளி வைத்தார். அட்டைகளைப் பார்க்கவேயில்லை. என் பதினான்கும் அதே பதினான்கு. ஒன்று கூடவில்லை, குறையவில்லை.

“இதெல்லாம் ஒரே ஆள் பேசினது சார்.”

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கோபமாகக் கேட்டேன். கோபம் அப்போது எனக்குத் தேவைப்பட்டது.

“பதினாலு வாக்கியத்துல ஒருத்தர்கூட யாரையும் குறை சொல்லலை. மனுஷங்க அப்படியா சார் பேசுவாங்க?”

ஒப்புக்கொண்டேன். அர்த்தம் சரியாகத்தானே இருக்கிறது என்று வாதாடினேன். சரிதான் என்றார். அப்படியானால் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். முதலாளி சொன்னதை அப்படியே சொன்னேன்: சனிக்கிழமை தாண்டினால் புத்தகமே கிடையாது, உங்கள் பதினோரு வருடமும் பழைய காகிதக் கடைக்குப் போகும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, “இன்னும் ரெண்டு நாள் இருக்கில்ல? காலையில வந்துடுங்க சார், சேர்ந்தே போவோம்” என்றார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்த வெயிலில் அலைந்தோம். ஷேர் ஆட்டோ ஒன்பது, பேருந்து ஆறு, தேநீர் பதினொரு கிளாஸ். யாரையும் எதுவும் கேட்கக்கூடாது, பேச்சுக்கொடுத்து இழுக்கக்கூடாது. கூட்டத்தில் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டோவில் ஓர் அம்மாள் தன் தோழியிடம், “என்னை மட்டம் தட்டலைன்னா எங்க மாமியாருக்குச் சோறு எறங்காது” என்றாள். மிஸ் என் முழங்கையை இடித்தார். ‘ரன் டவுன்’ முடிந்தது. மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வாசலில், தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற காவலாளி, “லீவு வுட்டா போதும், இதுங்க பில்டிங்கையே ரெண்டாக்கிடுதுங்க” என்று குழந்தைகளைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். அது ‘ரன் வைல்ட்’. படப்பைச் சந்தையில் ஒருத்தி தன் தம்பியைப் பற்றி, “கல்யாணப் பேச்சை எடுத்தா போதும், ஆளே காணாமப் போயிடறான்” என்றபோது, நழுவி ஓடுகிற அர்த்தம் கிடைத்துவிட்டதே என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிஸ் சொன்னது உண்மைதான். எல்லோரும் யாரையாவது குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். வியாழன் ஏழு, வெள்ளி நான்கு. மூன்று நின்றுவிட்டது.

சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கீழிருந்து ஃபோர்மேன் தொலைபேசியில், கையெழுத்து வந்ததா என்று ஐந்தாவது முறையாகக் கேட்டார். எனக்குக் கால் வலி, தலைவலி, வெயிலில் முகம் காந்தல். “என்னைக் கேக்காதய்யா. ரெண்டு நாளா இந்தம்மா என்னை நாயா அலைய விட்டுட்டாங்க” என்று கத்திவிட்டு ரிசீவரை வைத்தேன். திரும்பினால் மிஸ் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவரை ஓயவிடாமல் விரட்டி வேலைவாங்கிக் களைக்கச் செய்வது என்று ஓர் அர்த்தம் பாக்கி நின்றது. பின்பக்கத்தில் ‘சார், அலுவலகம், டெலிஃபோனில்’ என்று போட்டார். எனக்கு வருத்தமா என்று கேட்கவில்லை.

மிச்சம் இரண்டு. ஒன்று, நிர்வாகத்தை ஒழுங்காக, கட்டுச்செட்டாக நடத்துவது. அதை இந்தப் புறநகரில் யாரும் யாரைப் பற்றியும் இதுவரை சொன்னதில்லை, இனியும் சொல்லும்படி ஆகாது. இன்னொன்று, நோயோ கோபமோ, தடுக்க முடியாமல் தன் போக்கில் நடந்து தானாக முடிவது. இரண்டையும் மிஸ் சிவப்புப் பென்சிலால் அடித்தார். இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கையெழுத்துப் போட்டார். பதினொன்று ஐம்பதுக்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நானே படியிறங்கினேன்.

புத்தகம் வந்தது. ஆறு மாதத்தில் அந்த அறையையும் காலி செய்தார்கள். பிறகு நான் மேடவாக்கத்தில் மகன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மருந்துக் கடையில், மிஸ் அடித்துவிட்ட அந்த இரண்டாவது அர்த்தத்தை ஒருவர் சொல்லக் கேட்டு, மிஸ்ஸைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். சரியாக என்ன சொன்னார் என்று கேட்டார். காய்ச்சல் தானாகப் போய்விடும் என்கிற மாதிரி என்றேன். “மாதிரின்னா நீங்க கேக்கலை சார்” என்றார். அப்போது எண்பத்து மூன்று வயது அவருக்கு.

இந்த வருடம் மழை முடிந்ததும் மிஸ் போய்விட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் வீட்டு வாசலில் பந்தல், நாற்காலிகள் நாற்பத்தெட்டு. ஜெபத்துக்கு முன்பு தங்கையின் பேத்தி அடக்கமாட்டாமல் அழுதாள். உறவினர் ஒருவர் அவளை அதட்டப் போனார். மிஸ்ஸின் தங்கை கையை நீட்டித் தடுத்து, விடச் சொன்னார். நான் பையைத் துழாவினேன். காகிதமில்லை. கொடுத்திருந்த பாட்டுத் தாளின் பின்பக்கத்தில் அவர் சொன்னதை எழுதினேன்: ‘வுடுங்க, அழுது தீரட்டும், தானா அடங்கும்.’ யார், எங்கே, எப்போது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சாவு வீட்டில் இப்படி எழுத உட்காரவைத்துவிட்டாரே என்று பெட்டிக்குள் இருந்தவர் மேல் கோபம் கோபமாக வந்தது. எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.

தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்த தங்கை குனிந்து தாளைப் படித்தார்.

“அடங்கும்னு சொல்லல சார். அடங்கிடும்னு சொன்னேன்.”

அடித்துத் திருத்தினேன்.