கொட்டாஞ்சேனை ரவுட்டர் சொன்னது

போன வாரம் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அலுவலகத்தில் மன்னிப்புக் கேட்பது எனக்கு வழக்கமில்லை – பெரும்பாலும் நான் சொல்வது சரியாகத்தான் இருக்கும். சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் குணம் தெரியும்.

நான் வேலை செய்வது ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில். தலைமை அலுவலகம் வெள்ளவத்தையில். கொட்டாஞ்சேனை, வத்தளை, பாமன்கடை என்று மூன்று கிளைகள். ஊசி குத்துவது மற்றவர்கள். கிளைகளை இணைக்கும் நெட்வேர்க்கைப் பார்த்துக்கொள்வது நான்.

கொட்டாஞ்சேனைக் கிளைக்குப் பொறுப்பு ஃபரீனா. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் விவரங்களைப் பதிந்து எங்களுக்கு அனுப்புவது அவருடைய வேலை. சில மாதங்களாக அந்தக் கிளையின் ரிப்போர்ட்டுகள் மட்டும் தாமதம். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"லைன் விழுந்து விழுந்து எழும்புது மிஸ். அரைவாசி டைப் பண்ணினது அப்பிடியே போயிருது. திரும்ப முதல்ல இருந்து..."

இணைப்புத் தருகிற நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து சோதித்தார். "லைன் எக்க ஹொந்தாய் மிஸ்" என்று எனக்குப் போனில் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். லைன் நல்லதாம்.

எங்கள் மனேஜர் யாழ்ப்பாணத்து மனுஷர். நேரம் பிந்தினால் பொறுக்கமாட்டார். என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஆர் சொல்லுறது உண்மை? ஊகம் வேண்டாம். எனக்கு ஆதாரம் வேணும்."

ஆதாரமா? அதுதானே என் தொழில்!

எக்ஸ்போர்ட்டர் என்று ஒரு சிறிய மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் லைன் வந்து சேருகிற பெட்டியான ரவுட்டரிடம் குறித்த இடைவெளியில் நலம் விசாரிப்பது அதன் வேலை. உயிரோடு இருக்கிறாயா? எவ்வளவு டேட்டா போனது? எழுந்து எவ்வளவு நேரமாகிறது? பதில்களை எண்களாக வாங்கிக் கொடுக்கும். இன்னொரு மென்பொருள் அவற்றைச் சேமித்துக் கிராஃப் வரையும். எல்லாவற்றையும் கொன்டெய்னரில் போட்டேன் – ஒரு மென்பொருள் தனக்குத் தேவையான அத்தனையையும் ஒரே பொதியாகக் கட்டிக்கொண்டு வருகிற ஏற்பாடு அது. எந்தக் கம்பியூட்டரில் இறக்கினாலும் ஓடும். மூலையில் கிடந்த ஒரு பழைய மெஷினில் இறக்கினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னரே வேலை முடிந்தது.

கிளைகளின் லைனுக்குச் சுமை கொடுக்கக் கூடாதென்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்படி வைத்தேன். இரண்டு வாரம் ஓடியது. எல்லா ரவுட்டர்களுக்கும், உயிரோடு இருக்கிறது என்ற பச்சைக் கோடு. கொட்டாஞ்சேனைக் கோட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில புள்ளிகள் விடுபட்டிருந்தன. இது எங்கும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

"லைனில் பிழையில்லை" என்று அறிக்கை கொடுத்தேன். கலரில் பிரிண்ட் எடுத்து!

அடுத்த நாள் ஃபரீனாவுக்குக் கடிதம் போனது. தாமதத்துக்குக் காரணம் அவர்தான் என்று, பொறுப்பிலிருந்து இறக்கி வத்தளைக்கு மாற்றம். அடுத்த மாதத்திலிருந்து.

காலையிலேயே அவர் எனக்குப் போன் எடுத்தார். சத்தம் போடவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"மிஸ், உங்கட மெஷின் என்ன செல்லிச்சு?"

"ரவுட்டர் எப்பவும் உயிரோடதான் இருக்குதாம், ஃபரீனா."

"எத்தின நிமிஷத்துக்கு ஒருக்கா கேக்குது?"

"அஞ்சு."

அவர் சொன்னார்: "ஒரு மனுஷன் மயங்கி விழுந்து, ஒரு நிமிஷத்துல எழும்பி உக்காந்துட்டா... அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கிற ஆளுக்கு அவர் சுகமாத்தானே ஈப்பார்?"

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். மயங்கி விழுந்தவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு – எழுந்து எவ்வளவு நேரமாகிறது? அதை எக்ஸ்போர்ட்டர் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கி வந்திருக்கிறது. நான்தான் அதைக் கிராஃபில் போடவில்லை.

இப்போது போட்டேன். வத்தளை ரவுட்டர் எழுந்து நாற்பது நாட்களுக்கு மேல். பாமன்கடையும் அப்படியே. கொட்டாஞ்சேனை... இருபத்திரண்டு நிமிடம்.

பழைய நாட்களைப் புரட்டினேன். தினமும் காலையில், கூட்டமான நேரத்தில், இரண்டு மூன்று தடவை அது அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. கிளை பூட்டியிருக்கும் ஞாயிறுகளில் மட்டும் ஒன்றுமில்லை. லைன் நல்லதுதான். ஃபரீனா சொன்னதும் உண்மைதான்.

மறுநாள் காலை நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஃபரீனா என்னைக் கண்டதும் மேசையோரம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். மேசைக்குக் கீழே ஒரு மல்டி பிளக். அதில் ரவுட்டர். அதற்குப் பக்கத்திலேயே, இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின்.

"அதப் போடுங்கோ, பாப்பம்" என்றேன்.

போட்டார். மெஷின் உறுமியது. ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

மெஷின் தொடங்கும்போது இழுக்கிற இழுவையில் ரவுட்டருக்கு மின்சாரம் போதவில்லை. அவ்வளவுதான். ஃபரீனா கணினித் திரையைப் பார்த்தார் – பாதி டைப் பண்ணியிருந்த படிவம் போய்விட்டிருந்தது.

"ஃபரீனா, பிழை என்னில. வடிவாப் பாக்காமல் அறிக்கை குடுத்திட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் பதில் சொல்வதற்குள், சட்டைக் கையை மடித்துவிட்டுக் காத்திருந்த பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார்: "பிள்ளையள், பசிக்குது. முதல்ல என்ர ரத்தத்தை எடுங்கோ."

இருவரும் சிரித்துவிட்டோம். எனக்கு அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது.

ரவுட்டரை வேறு பிளக்குக்கு மாற்றினேன். அன்று முழுவதும் அது விழவில்லை. பின்னேரம் மனேஜரிடம் புதிய கிராஃபைக் காட்டினேன். அவர் ஸ்பீக்கரில் ஃபரீனாவைக் கூப்பிட்டார்.

"சரி பிள்ளை, அந்தக் கடிதத்தை விடுவம்."

"விட்டா பத்தாது சேர். அது என்ட ஃபைல்ல ஈக்குதுதானே? அத வாபஸ் எடுக்கிறதா இன்னொரு கடிதம் தாங்க."

மனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஆதாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே கடிதம் தயாரானது. என் முதல் அறிக்கை தவறு என்று நானும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எக்ஸ்போர்ட்டர் மீது எனக்கு இன்னும் முழு நம்பிக்கை. கேட்ட கேள்விக்கெல்லாம் அது ஒழுங்காகத்தான் பதில் வாங்கி வந்தது. அப்படிச் சேர்ந்த கணக்கற்ற எண்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தது யார்? வெள்ளவத்தையில் ஏசி அறையில் இருந்த நான்!

இப்போது கிராஃபைத் திறந்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைகளில் மூன்று கிளைகளுக்கும் நானே போன் எடுக்கிறேன் – முதலில் பேசுவது அவர்கள், பிறகுதான் கிராஃப்.