என் இடது பக்கம் நின்றவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் விருதுநகர்ப் பக்கம் தீப்பெட்டி ஒட்டியவர்கள். அம்மா ஜெபமும் பண்ணுவாள், வாசலில் வேப்பிலையும் செருகுவாள். இயற்பியல் படித்த திமிரில் அந்த வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தவன் நான். இறந்தவர்கள் உறங்குகிறார்கள், அவ்வளவுதான் என் விசுவாசம், இன்றைக்கும் அதுதான். அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம். மதுரையில் எங்கள் திருச்சபை நடத்திய ஒரு சிறுகடன் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இலங்கையில் வன்னிப் பக்கம் எங்களோடு சேர்ந்து பெண்கள் குழுக்களை நடத்தியவர்களைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினார்கள். முதல் வெளிநாட்டுப் பயணம். கொழும்பில் இறங்கியதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தேன். வவுனியா தாண்டிப் புலிகளின் பகுதிக்குள் போனதும், இங்கே பழைய நேரம்தான், இந்திய நேரமேதான் என்று அந்தக் குழுக்களைப் பார்த்துக்கொள்கிற, கூட வந்த அருள் அண்ணன் சொல்ல, திரும்பவும் பின்னால் திருப்பினேன். கடல் தாண்டி வந்து சொந்த ஊர் நேரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாதித் தூக்கத்தில் நடந்தது போலத்தான் நினைவில் இருக்கிறது, ஆனால் நான் தூங்கவில்லை, அதை அடித்துச் சொல்வேன்.

முரசுமோட்டையில் ஒரு மாமரத்தடி. சாயங்காலம் ஆகியும் வெயில் இறங்கவில்லை, உழுதுபோட்ட வயல்கள் மழைக்குக் காத்துக் கிடந்தன, தூரத்தில் வரப்புகள் நீருக்குள் தெரிவது போல ஆடிக்கொண்டிருந்தன. நான்கு பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இருக்க வேண்டியவர்கள் ஐந்து பேர். ஒருத்திக்கு மற்ற நால்வர் பொறுப்பு, ஐந்து பேர் இல்லாத குழுவுக்கு விதைநெல் வாங்கக் கடன் கிடையாது, இது எங்கள் விதி. ஐந்தாவது ஆள் புஷ்பம் என்பவர், கருவாடு எடுக்க முல்லைத்தீவுக்குப் போயிருந்த காலையில்தான் கடல் வந்தது. உடல் கிடைக்கவில்லை. அவருடைய தங்கை செல்வியும் அதே குழு. அக்காவின் இடத்துக்கு வேறு ஆளைச் சேர்க்க அவர் விடவேயில்லை. மழைக்கு முன் விதைக்காவிட்டால் நான்கு வீட்டுக்கும் அந்தப் போகம் போய்விடும். அருள் அண்ணன் எத்தனையோ தடவை பேசிப் பார்த்துவிட்டு, வெளியாள் சொன்னால் கேட்பாள் என்று அந்தப் பாரத்தை என் தலையில் வைத்திருந்தார்.

குழுத்தலைவி யோகம் அக்கா, நெற்றி நிறையத் திருநீறு, நான் வணக்கம் சொன்னதுமே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி கதைக்கிறது அப்பிடியே படத்திலை வாற மாதிரி இருக்கு. ஒருக்கா சண்டை பிடிச்சுக் காட்டுங்கோவன்."

எல்லோரும் சிரித்தார்கள், செல்வியைத் தவிர. பிறகு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. செல்வி பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"வேறை ஆளைச் சேர்த்தா, அக்கா செத்துப்போனா எண்டு நானே சொன்ன மாதிரியெல்லோ?"

"இல்லையெண்டா விதைநெல்லுக்கு என்னடி செய்யிறது?" என்றார் யோகம் அக்கா. சரி, ஜெபம் பண்ணுவோம் என்று குழுவில் இன்னொருவரான மேரி அக்கா எழுந்தார்.

அங்கேதான் தப்புச் செய்தேன். பெண்கள் கைகோத்து வட்டமாக நின்றார்கள், செல்விக்கும் யோகம் அக்காவுக்கும் நடுவில் மட்டும் இடம் விட்டிருந்தது. விருந்தாளிக்காக விட்ட இடம் என்று நினைத்து நேரே போய் அதில் நின்றுவிட்டேன். அது புஷ்பத்தின் இடம் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யோகம் அக்கா தன் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணை மூடினேன். இடது பக்கத்திலிருந்து, செல்வி நின்ற பக்கம், ஒரு கை வந்து என் கையைப் பற்றியது. எங்கள் ஊரில் அப்படி வழக்கமில்லை, இங்கே வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் நின்றேன். சின்ன விரல்கள், ஈரமான உள்ளங்கை, ஒரு விரலில் மோதிரம்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், பக்கத்தில் யாரும் இல்லை. செல்வி எட்டி நின்றார். வட்டத்துக்கு வெளியே நின்ற அருள் அண்ணன் என்னையும் செல்வியையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ரெண்டு பேரும் ஏன் கையை அந்தரத்திலை நீட்டிக்கொண்டு நிண்டனீங்கள்?"

"நீங்கள் ஜெபத்துக்குக் கண் மூடுறேல்லையோ?" என்றார் மேரி அக்கா.

"மாட்டுக்கண்டு என்ரை பையைச் சப்புது, பிறகெப்பிடி மூடுறது? நடுவிலை இன்னொரு ஆள் நிக்கலாம், அவ்வளவு இடைவெளி."

செல்வியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "என்ரை கையை ஒராள் பிடிச்சது. தம்பியின்ரை கையாக்கும் எண்டு எனக்கு ஒரே வெக்கமாப் போச்சு" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அழவில்லை.

"ஆமென் சொல்லேக்கை ஒருக்கா இறுக்கிப்போட்டு விட்டுட்டா. நான் விடேல்லை, அக்கா தானாத்தான் விட்டவா." பிறகு யோகம் அக்காவிடம் திரும்பினார். "ஆரைச் சேர்க்கப் போறியளோ சேருங்கோ. மழை வரப் போகுது."

யோகம் அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த வருடம் நான்கு வீடும் விதைத்தார்கள், புதிதாகச் சேர்ந்த ஐந்தாவது வீடும் விதைத்தது.

செல்விக்கு அது ஆறுதல். அதைக் கெடுக்க மனம் வராமல் நான் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அவருடைய கையைத்தான் விட்டது, என் கையை விடவில்லை. கண்ணைத் திறந்த பிறகும், வரப்பு வழியாக வண்டிக்கு நடந்தபோதும், யாரோ கூடவே வருவது போல அந்தப் பிடி இருந்தது, பயமாகக்கூட இல்லை. மறுநாள் திரும்பும் வழியில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இரண்டு கையையும் தூக்கி நிற்கச் சொன்னார்கள். வலது கையைச் சட்டென்று தூக்கிவிட்டேன். இடது கையைத் தூக்கத் தயங்கினேன், பக்கத்தில் நிற்பவருக்கும் கை வலிக்குமே என்று.

அந்தக் கை என்னை எந்த இடத்தில் விட்டது என்று எனக்குத் தெரியவில்லை.