கம்பெனி பின்னாடி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டேன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை, பெயின்ட் கிடங்கு, லாரி கிளீனர் வேலை என்று எங்கேயும் ஆறு மாதம் தங்கியதில்லை. இரண்டாயிரங்களின் நடுவில் அந்த அலைச்சலே எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது. அரசு சேவைகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஊர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் வந்திருந்தார். சந்துபொந்தெல்லாம் தெரிந்த ஆள் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் நாற்பது வீடுகள் இருக்கும். அங்கே ஓர் அக்காவின் ரேஷன் கார்டு மனு மூன்று முறை திரும்பி வந்திருந்தது. மனுவில் எழுதியிருந்த பெயரில் ஊரே இல்லையாம்.

"இந்த இடத்தோட பேர் என்னங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"கம்பெனி பின்னாடி" என்றார் அக்கா.

"அது பேரா?"

"பின்ன? ஆட்டோக்காரன் கரீட்டா கொண்டாந்து உடுறான். உங்க கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல."

பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் சிரித்தாள். "கம்பெனிய மூடிட்டா நாம இன்னாக்கா பண்றது? எதுக்குப் பின்னாடி கீறோம்னு சொல்றது?"

கரண்ட் அட்டையில் அந்த இடம் 'ஷெட் லைன்'. வாக்காளர் பட்டியலில் 'புதுநகர் விரிவு'. இன்ஜினியர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அந்த இடத்துக்கு ஓர் எண் கொடுத்து, மூன்று பெயர்களையும் அதன் கீழே எழுதினார்.

"பேர் எத்தனை வேணா இருக்கட்டும்ணா. எந்த ஆபீஸ்ல எந்தப் பேரைப் போட்டுத் தேடினாலும் இந்த நம்பருக்கு வந்து சேரணும், அவ்ளோதான்."

போன இடத்திலெல்லாம் என்னையும் ஒவ்வொரு பெயரில்தான் கூப்பிட்டார்கள். யார் சொன்னதையும் தப்பு என்று தள்ளாத ஓர் ஏற்பாட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து அக்காவோடு ரேஷன் கார்டு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் கம்ப்யூட்டரில் 'கம்பெனி பின்னாடி' என்று தட்டினார், திரையில் ஊர் வந்தது. மனுவை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். அக்கா நகரவில்லை.

"இத யாரு வேணா பாக்கலாமா சார்?"

"யாரு வேணா."

"மெட்ராஸ்ல கீற என் தங்கச்சி?"

"அமெரிக்காவுல இருந்தாக்கூட. போம்மா, கூட்டம் நிக்குது."

அக்கா முந்தானையை எடுத்து, திரையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.