வலது பக்கம் வைத்த கல்லூரி

உத்திரமேரூர் கடைத்தெருவில் என் ஜெராக்ஸ் கடைக்கும் ஹபீபுல்லா பாயின் வளையல் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவர் அங்கே பெருமூச்சு விட்டால் எனக்கு இங்கே கேட்கும். 1998-இல் மே மாதம் முழுக்க நான் கேட்டது அதைத்தான்.

காரணம் அவருடைய சின்ன மகள் ஷப்ரீன். பிளஸ் டூவில் ஆயிரத்து நாற்பத்தொன்று. புத்தகத்தைத் தொட்டு வாங்கிய மார்க்காக இருந்தால் நானும் மெச்சியிருப்பேன். அந்தப் பெண் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஏரிக்கரையில் இருப்பாள், இல்லையென்றால் மானாம்பதி போகிற வழியில் யாருடைய வரப்பிலாவது இருப்பாள். சைக்கிள் கூடையில் கொட்டை, காய், காலியான குருவிக்கூடு. பயாலஜி பரீட்சைக்கே முழங்கால் வரை சேற்றோடுதான் போனாள். மரம் ஏறினால் உடைகிறது என்று வளையல் போடமாட்டாள். வளையல்காரர் மகள் வெறுங்கையோடு திரிகிறாளே என்று கேட்காத ஆள் இல்லை.

மார்க் ஷீட்டை நான் மட்டும் நாற்பது காப்பி எடுத்திருப்பேன். கடைத்தெருவில் ஆளுக்கொரு கல்லூரி சொன்னார்கள். சொந்தப் பிள்ளையைப் பத்தாவது தாண்ட வைக்க முடியாதவனெல்லாம் புத்தி சொன்னான். பாய் அத்தனையையும் எழுதிக்கொண்டு போய் மகளிடம் கேட்பார். அவள் பாவாடையில் ஒட்டிய நாயுருவியைப் பிய்த்தபடி ஒரே பதில்தான் சொல்வாள்.

"உங்க இஷ்டம் அத்தா."

பாய் என் ஸ்டூலில் வந்து விழுவார். "மாட்டேன்னு சண்ட போட்டாக்கூட பரவால்ல நைனா. எத கேட்டாலும் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னா நான் இன்னா பண்றது? பேஜாரா கீது."

அவருடைய இஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியும். மூத்தவள் சாய்ராவை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் மனைவி நூருன்னிசா அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. இவளும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் வீடு காலி. ஏனாத்தூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தது. காலேஜ் பஸ் இங்கேயே வந்து ஏற்றிக்கொண்டு போய் சாயங்காலம் இறக்கிவிடும். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்குப் பயம். தன் சொல்லுக்காக அவள் சேர்ந்து, மூன்று வருஷமும் அங்கே ஏதாவது மரத்திலேயே உட்கார்ந்துவிட்டால்?

ஒருநாள் காலையில் முகம் தெளிந்து வந்தார்.

"நைனா, எல்லா காலேஜையும் மூடி வெச்சிட்டேன். ரெண்டே ரெண்டு காட்டப் போறேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிற வியாபாரம். நாற்பது பெட்டி திறந்தும் எடுக்கத் தெரியாமல் ஒரு பெண் திணறினால் பாய் எல்லாவற்றையும் மூடிவிடுவார். துணியை விரித்து இரண்டு ஜோடி மட்டும் வைப்பார். இடது பக்கம் மங்கலாக ஒன்று. வலது பக்கம் அவர் விற்க நினைப்பது. பெண்ணின் கை தானாக வலது பக்கம் போகும். தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. 'விற்ற வளையல் வாபஸ் இல்லை' என்று தலைக்கு மேல் போர்டு தொங்குகிறது.

இடது பக்கத்துக்கு அவர் பிடித்தது போளூர் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி. தாவரவியல். அப்பாவும் மகளும் மூன்று பஸ் மாறிப் போனார்கள். தகரக் கொட்டகையில் லேப், பூசாத சுவரோடு ஹாஸ்டல், டீ குடிக்கக்கூட ஒரு கடை கிடையாது. பாய்க்குப் பரம திருப்தி. ஆபீசில் பேசிவிட்டு வெளியே வந்தால் மகளைக் காணோம். வாட்ச்மேன் பின்னால் இருந்த பாறையைக் காட்டினார். அவள் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வர அரைமணி நேரம். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

"டயர்டு ஆயிட்டா நைனா. நல்லதா போச்சு" என்றார் என்னிடம்.

மறுநாள் ஏனாத்தூர். முகம் தெரிகிற தரை. கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும், உள்ளே ஏசி. அன்று சாயங்காலம் எது என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

"ஏனாத்தூரே இருக்கட்டும் அத்தா."

பாய் எனக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்தார். நூருன்னிசா அம்மா பாயசம் காய்ச்சி அனுப்பினார். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்த்துவிட வேண்டியதுதான், அதுதான் கடைசி நாள். ஒரு மாதமாகக் கேட்ட பெருமூச்சு அன்றைக்கு இல்லை. எனக்கே அப்பாடா என்றிருந்தது.

வியாழக்கிழமை மதியம் மகளைக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் பாய் தொழப் போனார். திருப்புலிவனத்திலிருந்து ஒரு புதுப்பெண் வந்திருந்தாள். அதைக் காட்டு, இதைக் காட்டு என்று ஷப்ரீனைப் படுத்தி எடுத்தாள். பாய் திரும்பி வந்து என் வாசலில் என்னோடு நின்றபோது ஷப்ரீன் பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தாள். துணியை விரித்தாள். இடது பக்கம் சாம்பல் நிறத்தில் ஒன்று. வலது பக்கம், ஆறு மாதமாக நகராமல் கிடந்த கத்திரிப்பூ நிறம். புதுப்பெண் கத்திரிப்பூவை எடுத்துக்கொண்டு போனாள்.

பாய் படியேறினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இத உனக்கு யாரும்மா சொல்லிக் குட்த்தது?"

"யார் சொல்லணும்? சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினுதான கீறேன்."

"அப்போ ஏனாத்தூரு?"

அவள் கீழே கிடந்த தாள்களைப் பொறுக்கினாள். "வலது பக்கம் வெச்சீங்க. எடுத்துக்கினேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கடையைப் பெருக்கிவிட்டேன் என்பதுபோலச் சொன்னாள்.

பாய் என் ஸ்டூலுக்கு வந்தார். "வுடு பாய். அவளே ஒத்துக்கினா. கிட்டக்கவே இருப்பா, அதான உனக்கு வேணும்?" என்றேன். என் மனசிலும் அதுதான் இருந்தது. அந்தச் சைக்கிள் மணி இல்லாமல் தெருவை நினைத்துப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை.

"டயர்டுன்னு சொன்னேன்ல, அது பொய் நைனா" என்றார். "பாற மேல நின்னுக்கினு இருந்தா. நான் கீயேர்ந்து ரெண்டு தபா கூப்ட்டேன். திரும்பி பாத்தா பாரு, அந்த சிரிப்ப நான் வூட்ல ஒருநாள்கூட பாத்ததில்ல. பாத்துட்டுதான் பாக்காத மாரி இருந்துட்டேன்."

அவர் கண்ணீரை நான் அன்றுதான் பார்த்தேன். காப்பி எடுக்க ஒன்றுமில்லாத மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

என் கடையிலேயே எஸ்.டி.டி. போன் உண்டு. மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்துப் போளூர்ப் பக்கத்து நம்பரைப் போட்டார். இடம் இருக்கிறதா, நாளைக்கு வரலாமா, பெண்பிள்ளைகள் ஹாஸ்டலில் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். போனை வைத்துவிட்டு எழுந்து போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"ஏனாத்தூரு வாணாம்மா. நாளைக்கி போளூர் போறோம்."

தாள் சரசரக்கிற சத்தம் நின்றது. பிறகு ஷப்ரீனின் குரல். "நம்ம கடையில வாபஸ் கிடையாதே அத்தா."

"நீயா எட்த்திருந்தா கெடயாது. நான்தான உன் தலையில கட்னேன்."

பெட்டி ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம். "அம்மாகிட்ட யாரு அத்தா சொல்றது?" என்றாள்.

பாய் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.