இளவரசி காரில் ஒரு ‘டொக்’

எங்கள் குப்பத்தில் கார் ஓட்டும் ஒரே பெண் இளவரசி. பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கும் நான்கு டீச்சர்களைப் பழவேற்காடு பள்ளிக்கு அழைத்துவந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவதுதான் அவள் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கே வேட்டு வைக்கப் பார்த்தது ஒரு சத்தம்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் முன்பக்கம் ‘டொக்’. காலை எடுத்தால் மறுபடி ‘டொக்’. வெள்ளிக்கிழமை தேவதர்ஷினி டீச்சர் சொல்லியேவிட்டார்: “பயமா இருக்கு இளவரசி. திங்கட்கிழமையும் இப்படியே இருந்தா நாங்க வேற வண்டி பாத்துக்கிறோம்.”

இளவரசி நேராகத் திருப்பாலைவனம் மெக்கானிக் பூபதியிடம் போனாள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தவன், “கியர்பாக்ஸை எறக்கணும்க்கா. ஒரு வாரம் ஆவும்” என்றான். எந்த வண்டிக்கு என்ன வந்தாலும் அவனுக்கு கியர்பாக்ஸ்தான்.

“இரு நைனா. பள்ளத்துல எறங்குனா சத்தம் வர்ல. நியூட்ரல்ல ரேஸ் குடுத்தாலும் வர்ல. வண்டிய இழுக்கறப்பதான் வருது. இன்ஜினே ஆடுதோ இன்னாவோ!”

படகுக்காரன் பெண்டாட்டிக்கு இன்ஜின் ஆட்டம் தெரியாதா? பூபதியை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை மிதித்தபடியே கியர் போட்டு கிளட்ச்சை மெல்ல விடச் சொன்னாள். பானெட்டைத் திறந்து, ஒதுங்கி நின்று பார்த்தாள். இன்ஜின் ஒரு பக்கம் எகிறி, ‘டொக்’கென்று உட்கார்ந்தது. அதைத் தாங்கும் ரப்பர் கிழிந்திருந்தது. கிழிசலைச் சுற்றி நீல வலைக்கயிறு! கயிறு சூட்டில் தொய்ந்திருந்தது. முடிச்சு மட்டும் கல் மாதிரி இருந்தது. யார் போட்ட முடிச்சு என்று அவளுக்குத் தெரியாதா?

கயிற்றை முடிச்சோடு அறுத்து எடுத்துக்கொண்டு வந்து கணவன் தனசேகர் முன்னால் வீசினாள். “இன்னாய்யா இது?”

“நீ உங்கம்மா வூட்டுக்குப் போனப்ப பாத்தேன், ரப்பர் கிழிஞ்சிருந்துது. படகுல கட்ற மாரி கட்டிட்டேன். சொன்னா நீ கத்துவேன்னு சொல்லல.” கயிற்றைக் கையில் எடுத்தவனுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆனா முடிச்சு அவுந்துதா பாரு! நான் போட்ட முடிச்சு எதுவும் அவுராது” என்று அவள் தாலியைப் பார்த்துக் கண்ணடித்தான். இளவரசிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

சனிக்கிழமையே பூபதி புது ரப்பர் போட்டுக் கொடுத்தான். திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது.

“அடடே! இனிமே வேற வண்டி எதுக்கு? என்ன பண்ணே இளவரசி?” என்றார் தேவதர்ஷினி.

“எங்க வூட்டுக்காரரு போட்ட முடிச்சை அறுத்துப் போட்டுட்டேன் டீச்சர்.”

பின்சீட்டிலிருந்து டீச்சர் மெல்ல எட்டி, இளவரசியின் கழுத்தைப் பார்த்தார்.